இரண்டு சூப்பர்வைசர் உள்ள சுவிட்சுக்கு நான்கு மணி நேரப் பராமரிப்பு எதற்கு?

மே 6 (வாசகர் கேள்வி)

எங்கள் மைய சுவிட்ச், கார்டுகளைச் செருகப் பத்து ஸ்லாட் கொண்ட சேசிஸ் (பெட்டி). சுவிட்சைக் கட்டுப்படுத்தும் இரண்டு சூப்பர்வைசர் கார்டுகளும், கேபிள்கள் செருகும் போர்ட்களைக் கொண்ட ஆறு லைன் கார்டுகளும் அதில் இருக்கின்றன. புதிய ஃபர்ம்வேரை (சாதனத்தின் உள் மென்பொருளை) ஒரே கட்டளையில் ஏற்றலாம், தரவுப் போக்குவரத்து நிற்காது என்று கையேடு சொல்கிறது. ஆனால் எங்கள் குழுவின் மூத்த பொறியாளர் நான்கு மணி நேரப் பராமரிப்பு நேரம் வேண்டும் என்கிறார். இரண்டாவது சூப்பர்வைசரை வாங்கியதே இந்த நிறுத்தத்தைத் தவிர்க்கத்தானே? அவர் கேட்பது பழைய காலத்துப் பயம் என்றே எனக்குப் படுகிறது.

மே 6, மாலை (பதில்)

அவர் கேட்கும் நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். கணக்குப் பார்த்தே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் சூப்பர்வைசரில் ஓடும் இயங்குதளத்தை மாற்றுவதைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. இப்படிக் கார்டுகளைச் செருகி அமைக்கும் மாடுலர் சுவிட்சில் மென்பொருள் ஓரிடத்தில் இருப்பதில்லை. சூப்பர்வைசரில் முதலில் எழும்பும் பூட்லோடர் என்ற சிறு நிரல், அதற்கு மேல் இயங்குதளம். ஒவ்வொரு லைன் கார்டிலும் ஒரு சிறிய செயலி, அதற்கென்று ஒரு நிரல். கார்டில் மின்சாரம் ஏறும் வரிசையையும் கார்டுகளை இணைக்கும் பேக்பிளேன் பலகையோடான இணைப்பையும் கவனிக்கும் நிரலேற்றக்கூடிய சில்லுகளில் எழுதப்பட்ட தர்க்கம். போர்ட் வழியாக மின்சாரம் வழங்கும் கார்டுகளில் பிஓஇ கட்டுப்படுத்திக்கு இன்னொரு நிரல். இவற்றில் இயங்குதளத்தைத்தான் நிற்காமல் மாற்ற முடியும். மற்றவற்றுள் பலவும் அந்தந்தக் கார்டு கொஞ்ச நேரமாவது செயலிழந்தால்தான் மாறும்.

ஆகவே பராமரிப்பு நேரத்தை சூப்பர்வைசர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்காதீர்கள். ஒரே ஒரு லைன் கார்டில் மட்டும் கேபிள் செருகியிருக்கும் கருவிகளைக் கொண்டு அளந்து பாருங்கள்.

மே 7

நிற்காமல் மாற்றுவது எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சிஸ்கோ சாதனங்களில் இதை ஐஎஸ்எஸ்யூ என்கிறார்கள். மற்றவர்களிடம் பெயர் மாறினாலும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் காத்திருப்பில் உள்ள சூப்பர்வைசர் புதிய பதிப்பில் எழும்புகிறது. பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் செயல்நிலை சூப்பர்வைசர் தன்னிடமுள்ள நிலைத் தகவல்களை அதனிடம் ஒப்படைக்கிறது. பிறகு பொறுப்பு கைமாறுகிறது. பழையது மறுதொடக்கமாகிப் புதிய பதிப்புக்கு வருகிறது. இவ்வளவு நேரமும் லைன் கார்டுகளின் சில்லுகள் கடைசியாகத் தமக்குத் தெரிந்த பாதைகளின்படி பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

இதில் 'கடைசியாகத் தெரிந்த' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பொறுப்பு கைமாறும் இடைவெளியில் ஓர் இணைப்பு அறுந்தால் சுவிட்சுக்கு அது தாமதமாகவே தெரியும். அதைவிட, பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி நெறிமுறையின் டைமர் தொல்லை தரக்கூடியது. மெதுவான டைமரில் 30 வினாடிக்கு ஒரு முறை செய்தி போகும், 90 வினாடி மௌனமாக இருந்தால்தான் எதிர்முனை இணைப்பைக் கைவிடும். வேகமான டைமரில் வினாடிக்கு ஒரு செய்தி. 3 வினாடி மௌனமே போதும், இணைப்பு விழுந்துவிடும். யாரோ ஒரு சர்வர் நிர்வாகி என்றோ நல்ல எண்ணத்துடன் வேகமான டைமரைப் போட்டிருந்தால், உங்கள் நிற்காத மேம்படுத்தல் அவருக்கு நிச்சயம் நிற்கும். சிஸ்கோவின் நெக்ஸஸ் வகைச் சாதனங்களில் வேகமான டைமர் இருந்தால் ஐஎஸ்எஸ்யூ ஆதரவே இல்லை.

இன்னொன்று. எந்தப் பதிப்பிலிருந்தும் எந்தப் பதிப்புக்கும் இப்படித் தாவ முடியாது. இரண்டு பதிப்புகளும் ஒன்றோடொன்று நிலைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளக் கூடியவையாக இருக்க வேண்டும். நெக்ஸஸில் மேம்படுத்தலைத் தொடங்காமலேயே அதன் விளைவை மட்டும் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. எந்த ஸ்லாட் இடையூறின்றி மாறும், எந்த ஸ்லாட் மீளத் தொடங்கும் என்று ஒரு அட்டவணையை அது தரும். அதை அச்சிட்டு உங்கள் மூத்த பொறியாளரிடம் கொண்டு போங்கள். வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மே 7, இரவு

ஒன்று விட்டுப் போனது. இயங்குதளக் கோப்பு இரண்டு சூப்பர்வைசர்களின் ஃப்ளாஷ் சேமிப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பல சாதனங்களில் கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) தானாக இரண்டாவதற்கும் போய்ச் சேரும், கோப்பு போய்ச் சேராது. அதனால் 'இந்தக் கோப்பிலிருந்து எழும்பு' என்ற உத்தரவு காத்திருப்பு சூப்பர்வைசருக்குக் கிடைத்துவிடும், அந்தக் கோப்பு மட்டும் அதனிடம் இருக்காது. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 சுவிட்ச் காலத்திலிருந்து தொடரும் சங்கடம் இது. அந்த வரிசை 1999-இல் வந்தது என்பதை நினைத்தால், இந்தச் சங்கடத்துக்கும் நல்ல வயதாகிவிட்டது.

இரண்டு சூப்பர்வைசர்களும் வெவ்வேறு பதிப்பில் எழும்பி, அந்தப் பதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால், அவை ஆர்பிஆர் என்ற தாழ்ந்த நிலைக்கு இறங்கிவிடும். அப்போது பொறுப்பு கைமாறினால் லைன் கார்டுகள் அனைத்தும் மீளத் தொடங்கும். சில நிமிடங்களுக்கு எதுவுமே ஓடாது.

மே 9

கோப்பை ஏற்றுவதற்கே பராமரிப்பு நேரத்தில் பாதி போய்விடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போக விடக் கூடாது. கோப்பை ஃப்ளாஷில் இறக்குவதால் சேவைக்கு எந்தத் தடையும் இல்லை, எனவே அதைச் சில நாள் முன்பே பகலில் முடித்து, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் சரிபார்த்து வைத்துவிட வேண்டும்.

டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மட்டுமே தெரிந்த பழைய சாதனமாக இருந்தால் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1992-இல் வந்த ஆர்எஃப்சி 1350 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின்படி அது 512 பைட் துண்டுகளாக அனுப்புகிறது. துண்டின் வரிசை எண்ணுக்கு 16 பிட் இடம்தான் உண்டு. 65,535 துண்டுகள் என்றால் 3,35,53,920 பைட், அதாவது 32 எம்பிக்குச் சற்றே குறைவு. அதற்கு மேல் எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். சில சர்வர் மென்பொருள்கள் அதைச் சரியாகச் செய்யும், சில அங்கேயே நின்றுவிடும். எண்ணைக் குறியுள்ள எண்ணாக (கழித்தல் மதிப்பும் வரலாம் என்று) எடுத்துக்கொண்ட சில பழைய சர்வர்கள் 16 எம்பியிலேயே நிற்கும். கோப்பு கிட்டத்தட்ட இந்த இரண்டு அளவுகளில் ஒன்றில் அறுந்து நின்றால் கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன் சர்வரைச் சந்தேகியுங்கள். துண்டின் அளவைப் பெரிதாக்கும் ஏற்பாடு 1998-இல் ஆர்எஃப்சி 2348 வழியாக வந்தது. இரு முனைகளும் அதை அறிந்திருந்தால்தான் பலன்.

வேகமும் இதே காரணத்தால் அடிபடுகிறது. ஒரு துண்டுக்கு ஒப்புதல் வந்த பிறகே அடுத்த துண்டு கிளம்பும். போய்வரும் நேரம் ஒரு மில்லிவினாடி என்றால் ஒரு ஜிபி கோப்புக்கு ஏறத்தாழ 35 நிமிடம். அதே கோப்பைத் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து 20 மில்லிவினாடி தாமதத்தில் இழுத்தால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். கேட்டலிஸ்ட் 9000 குடும்பத்தின் கோப்புகள் இன்று சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல் வரை வருகின்றன. எஸ்சிபி என்ற பாதுகாப்பான நகலெடுப்பு முறை அல்லது யுஎஸ்பி டிரைவ் இருக்கும்போது டிஎஃப்டிபியைத் தொடவே வேண்டாம். டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மற்ற முறைகளில் செய்தால் பல சுவிட்சுகள் டிரைவையே கண்டுகொள்வதில்லை.

மே 9, சற்று நேரம் கழித்து

சுவிட்சில் நேரடியாகக் கேபிள் செருகும் கன்சோல் போர்ட் வழியாக எக்ஸ்மோடம் என்ற பழைய பரிமாற்ற முறை மூலம் ஏற்றலாமே என்ற கேள்விக்கு: ஏற்றலாம். 9600 பிட் வேகத்தில் வினாடிக்கு 960 பைட் போகும். 32 எம்பி கோப்புக்குப் பத்து மணி நேரத்தை ஒதுக்குங்கள். வேகத்தை 1,15,200 ஆக உயர்த்தினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு ஜிபி கோப்புக்கு ஆகும் நேரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு விண்ணப்பிக்க உதவும்.

மே 10

ஹாஷ் பற்றி. எம்டி5 என்ற ஹாஷ் முறைக்கு 2004-இலேயே மோதல் (இரு வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு) கண்டுபிடித்துவிட்டார்கள், அதை இன்னும் நம்பலாமா என்கிறீர்கள். வழியில் கோப்பு சிதைந்ததா என்று அறிய அது போதும். யாராவது வேண்டுமென்றே மாற்றினார்களா என்று அறியப் போதாது. தயாரிப்பாளர் இன்னும் வலுவான எஸ்எச்ஏ-512 மதிப்பைத் தந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சரிபார்ப்பு நடக்க வேண்டிய இடம் சுவிட்ச்; உங்கள் மடிக்கணினியில் கோப்பு நன்றாக இருந்தது என்பதால் ஃப்ளாஷில் இறங்கியதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மே 12

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். மேம்படுத்தலில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி புதிய பதிப்பால் வருவதில்லை என்பது என் அனுபவம். மறுதொடக்கத்தால் வருகின்றன.

பல ஆண்டுகள் நிற்காமல் ஓடிய ஒரு சேசிஸை மேம்படுத்தும் வேலையில் இருந்தேன். புதிய பதிப்பு எழும்பியது, ஒரு லைன் கார்டு மட்டும் சுயபரிசோதனையில் தோற்றது. புதிய பதிப்பில் வழு என்று எல்லோரும் முடிவு செய்து, பழைய பதிப்புக்குத் திரும்பினோம். அப்போதும் கார்டு எழவில்லை. ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தோம், எழவில்லை. கார்டு எப்போதோ பழுதாகிவிட்டிருந்தது. நினைவகத்தில் ஏறியிருந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தவரை அது வெளியே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். அந்த இரவில் எங்கள் நேரம் கார்டை மாற்றுவதில் போகவில்லை, பதிப்பைக் குற்றம் சாட்டுவதில் போனது.

இது அபூர்வமான நிகழ்வு என்று நினைக்க வேண்டாம். 2005 முதல் 2010 வரை ஒரே விற்பனையாளரிடமிருந்து வாங்கிய நினைவகச் சில்லுகள் சில, மின்சாரத்தை நிறுத்தித் தரும்போது செயலிழக்கக்கூடும் என்று சிஸ்கோவே 2014-இல் அறிவித்தது. அப்படிப்பட்ட கார்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆரோக்கியமாகவே தெரியும்.

பழுதைத் தவிர மனிதர் விட்டுப்போன மிச்சங்களும் மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கின்றன. என்றோ செய்து, சேமிக்காமல் விட்ட கான்ஃபிக் மாற்றம். என்றோ கடவுச்சொல்லை மீட்பதற்காகப் பதினாறடிமான எண் 2142-க்கு மாற்றி, மீண்டும் 2102-க்குக் கொண்டுவராமல் விட்ட கான்ஃபிக் ரெஜிஸ்டர் (எப்படி எழும்புவது என்று சொல்லும் அமைப்பு எண்). அந்த சுவிட்ச் எழும்பும்போது சேமித்த கான்ஃபிக்கைப் படிக்காமல் வெறுமையாக வந்து நிற்கும். நீக்கப்பட்ட கோப்பைச் சுட்டும் பூட் உத்தரவு. மறுதொடக்கம் என்பது பழைய கடன்கள் எல்லாம் ஒரே நாளில் வாசலுக்கு வரும் நாள்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இது: புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன், பழைய பதிப்பிலேயே ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். எல்லாக் கார்டுகளும் எழும்பிவிட்டால் அதன் பிறகு தோன்றும் கோளாறுக்குப் புதிய பதிப்பைத் தயங்காமல் குற்றம் சாட்டலாம். எழும்பாவிட்டால் மேம்படுத்தலை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு, கார்டைக் கவனிக்கலாம்.

மே 13

'இயங்கிக்கொண்டிருப்பதை எதற்கு வேண்டுமென்றே நிறுத்த வேண்டும், இரண்டு முறை நிறுத்தம் வருகிறதே' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் சுவிட்சின் தொடர் ஓட்ட நாள்களைப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பெருமையை நான் எச்சரிக்கையாகப் படிக்கிறேன்: அத்தனை நாள் வழுத்திருத்தங்களும் அதில் ஏறவில்லை.

தொடர் ஓட்டத்துக்கென்றே சில வழுக்களும் உண்டு. நூறில் ஒரு வினாடியாக எண்ணும் 32 பிட் கடிகாரம் 497 நாளில் சுழியத்துக்குத் திரும்பும். அதே எண்ணைக் குறியுள்ள எண்ணாகக் கையாண்ட நிரல் 248 நாளிலேயே தடுமாறும். சில பழைய லினக்ஸ் கெர்னல் பதிப்புகளில் 208 நாளைத் தாண்டினால் கணினி நிலைகுலையும் வழு இருந்தது, லினக்ஸின் மேல் எழுப்பப்பட்ட வலையமைப்புச் சாதனங்களையும் அது தொட்டது. எண்ணைக் கண்டால் எந்த வழு என்று ஓரளவு ஊகிக்கலாம் என்பது இதிலுள்ள ஒரே ஆறுதல்.

ஆனாலும் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், எல்லோருக்கும் இந்த முன் மறுதொடக்கம் தேவை இல்லை. அண்மையில் மின்தடைக்குப் பின் முறையாக எழும்பிய சேசிஸுக்கு அது வீண். புதிதாக வாங்கிய சாதனத்துக்கும் வீண். ஆண்டுக்கணக்கில் நிற்காத பழைய சேசிஸ், மாற்றுக் கார்டு கையில் இல்லாத நிலை, இரண்டும் சேர்ந்தால் அவசியம். மாற்றுக் கார்டு அலமாரியில் இருந்தால் உங்கள் விருப்பம்.

மே 13, இரவு

மேலே 'மறுதொடக்கம்' என்று பொதுவாக எழுதியதைத் துல்லியமாக்க வேண்டும். கட்டளை வழியாக ரீலோட் செய்யும்போது எல்லாச் சாதனங்களிலும் கார்டுகளுக்கான மின்சாரம் நின்று வருவதில்லை. செயலி மட்டும் மீளத் தொடங்கும் வடிவமைப்புகள் உண்டு. 2014 அறிவிப்பில் வருவது போன்ற பழுது வெளிப்பட மின்சாரமே நின்று வர வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு ஸ்லாட்டாக மின்சாரத்தை நிறுத்தித் தரும் கட்டளை உங்கள் சாதனத்தில் இருந்தால், கார்டு கார்டாகச் செய்வதே நல்லது. ஒரே நேரத்தில் ஆறு கார்டுகளையும் இழப்பதற்குப் பதில் ஒன்றை மட்டும் பணயம் வைக்கிறீர்கள்.

மே 15

நிரலேற்றக்கூடிய சில்லுகளைப் பற்றி. சிஸ்கோ நெக்ஸஸில் இவற்றுக்கான கோப்பு ஈபிஎல்டி என்ற பெயரில் தனியாக வரும். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது அது தானாக மேம்படும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நெக்ஸஸ் 7000-இல் அது தனிப் படி. அந்தப் படியில் கார்டு சேவையிலிருந்து விலகி, சில்லுகள் எழுதப்பட்டு, மின்சாரம் நின்று மீண்டும் வரும். இடையூறின்றிச் செய்யும் வழி இதற்கு இல்லை. சூப்பர்வைசர் என்றால் காத்திருப்பில் உள்ளதை முதலில் எழுதி, பொறுப்பைக் கைமாற்றி, மற்றதை எழுத வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினாலோ மின்சாரம் போனாலோ கார்டு உயிர் பிழைப்பது வடிவமைப்பைப் பொறுத்தது. திரையில் வெகுநேரம் எதுவும் நகராமல் இருக்கும், அந்த நேரத்தில் கை சும்மா இருப்பதுதான் கடினம். பூட்லோடரை எழுதும்போதும் இதே நிலைதான். அழிக்க முடியாத ஒரு மூலப் பிரதியை வைத்திருக்கும் சாதனங்களில் நிம்மதியாக வேலை செய்யலாம். அப்படி இருக்கிறதா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈபிஎல்டி வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் கார்டுக்கு அவசியமான திருத்தம் எதுவும் இல்லை என்றால் அதைத் தொடாமல் விடுவதில் தவறில்லை. பதிப்பு எண்களெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அழகுணர்ச்சிக்காகச் சில்லுகளை எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை.

மே 15, பின்குறிப்பு

பிஓஇ கார்டுகள் இருக்கின்றனவா? புதிய இயங்குதளம் பிஓஇ கட்டுப்படுத்திக்கும் புது நிரலைக் கொண்டுவந்தால் அது எழுதப்படும்போது போர்ட்களில் மின்சாரம் போகும். தொலைபேசிகள், கேமராக்கள், வைஃபை அணுகல் புள்ளிகள் எல்லாம் அணைந்து எழும். தரவு நிற்கவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் கேட்க யாரும் இணைப்பில் இருக்க மாட்டார்கள்.

மே 18

எச்பி புரோகர்வ் 5400 இசட்எல் சுவிட்ச் வைத்திருக்கும் ஒருவர், தனக்கு (சூப்பர்வைசர் போன்ற) ஒரே ஒரு நிர்வாக மாட்யூல்தான் இருக்கிறது என்கிறார். அந்த சேசிஸின் வடிவமைப்பே அப்படித்தான். 8200 இசட்எல், பின்னர் வந்த 5400ஆர் ஆகியவற்றில் இரண்டு பொருத்தலாம். ஒன்று மட்டுமே இருப்பவருக்கு நிற்காத மேம்படுத்தல் என்ற கனவே இல்லை, அதனாலேயே அவர் திட்டம் பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, முதன்மை, இரண்டாம் நிலை என்ற இரண்டு ஃப்ளாஷ் இடங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பதிப்பை இரண்டாம் இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, புதியதை முதன்மை இடத்தில் ஏற்றுங்கள். கோளாறு வந்தால் இரண்டாம் இடத்திலிருந்து எழுப்பலாம். ஆனால் கான்ஃபிக்கை மறந்துவிடக் கூடாது. புதிய பதிப்பு எழும்பும்போது பழைய கான்ஃபிக்கைத் தன் இலக்கணத்துக்கு மாற்றிக்கொள்ளும். திரும்பி வரும் பழைய பதிப்புக்கு அந்த இலக்கணம் புரியாமல் போகலாம். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கான்ஃபிக் கோப்புகளை வைத்து, எந்த ஃப்ளாஷ் இடத்துக்கு எது என்று ஒதுக்கும் வசதி இருக்கிறது. பழைய கான்ஃபிக்கின் நகலை இரண்டாம் இடத்தோடு கட்டிவிட்டால் திரும்பும் பாதை முழுமையாகும். சுவிட்சுக்கு வெளியேயும் ஒரு நகல் இருக்கட்டும்.

கார்டுகளின் தலைமுறையையும் பாருங்கள். 5400ஆர் சேசிஸ் முதல் தலைமுறை இசட்எல் கார்டுகளை ஏற்பதில்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை கார்டுகளை ஏற்கும். மூன்றாம் தலைமுறைக்கே உரிய வசதிகளுக்காக இரண்டாம் தலைமுறையை அனுமதிக்காதே என்று ஒரு கட்டளையைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டுகள் மறுதொடக்கத்துக்குப் பின் எழாது. எந்தத் தயாரிப்பாளராக இருந்தாலும் வெளியீட்டுக் குறிப்பில் முதலில் படிக்க வேண்டியது ஆதரிக்கப்படும் கார்டுகளின் பட்டியல். புதிய வசதிகளின் பட்டியலை வேலை முடிந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

மே 19

மேம்படுத்திய பிறகு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வேலை செய்யவில்லை என்ற புகார். சுவிட்ச் எழும்பிவிட்டது, பிங் வருகிறது என்றால் பதற வேண்டாம். புதிய ஃபர்ம்வேர் பழைய குறியாக்க முறைகளைக் கைவிட்டிருக்கலாம், உங்கள் கிளையன்ட் அவற்றை மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். இதன் தலைகீழும் நடக்கும்: 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 என்ற எஸ்எஸ்எச் மென்பொருள், எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறை கொண்டு இடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. மடிக்கணினியைப் புதுப்பித்தவருக்குப் பழைய சுவிட்ச் அடைபட்டது. அந்த இரவில் கன்சோல் கேபிள் செருகியபடியே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். சாதனம் தன் எழும்பும் கதையை முதலிலிருந்து சொல்வதும் கன்சோலில் மட்டுமே.

மே 21

'பாதுகாப்பு ஓட்டை வந்துவிட்டது, இதற்கெல்லாம் நேரம் ஏது' என்ற வாதத்துக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் வெளியான சிவிஇ-2023-20198, சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஈ இயங்குதளத்தின் வலைப் பக்க நிர்வாக முகப்பில் இருந்த ஓட்டை. தீவிர மதிப்பீடு 10-க்கு 10. திருத்தம் வருவதற்கு முன்பே அது தாக்குதலுக்குப் பயன்பட்டது. அப்போது சொல்லப்பட்ட உடனடித் தீர்வு, இணையத்துக்குத் திறந்திருக்கும் சாதனங்களில் அந்த முகப்பை அணைப்பது. அணைப்பதற்கு ஒரு நிமிடம் போதும், மறுதொடக்கம் வேண்டாம். அதைச் செய்துவிட்டு, ஃபர்ம்வேரை நிதானமாகத் திட்டமிடலாம். எல்லா ஓட்டைகளுக்கும் இப்படி இடைக்காலத் தீர்வு கிடைக்காது, கிடைக்கும்போது அவசரத்தைக் காரணம் காட்டி ஒத்திகையைக் கைவிட வேண்டாம்.

மே 24

நான்கு மணி நேரக் கணக்கைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மூத்த பொறியாளரின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் போட்டால் இப்படிப் போடுவேன்.

முன்நிலைப் பதிவுக்குக் கால் மணி: எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, எழுந்திருக்கும் போர்ட்கள் எவை, அண்டைச் சாதனங்கள், ரூட்டிங் உறவுகள், மேக் முகவரிகளின் எண்ணிக்கை, செருகியிருக்கும் ஒளியிழை டிரான்ஸீவர்கள். டிரான்ஸீவரைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட வேற்றுத் தயாரிப்பு டிரான்ஸீவரைப் புதிய பதிப்பு மறுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய பதிப்பில் மறுதொடக்கமும் சரிபார்ப்பும் சேர்த்து அரை மணி. சூப்பர்வைசர்களை மாற்ற முக்கால் மணி. லைன் கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் சாதனமென்றால் கார்டுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் ஆறுக்கு ஒரு மணி. பின்நிலைப் பதிவும் ஒப்பீடும் அரை மணி. ஆக மூன்று மணி. மீதி ஒரு மணி, திரும்பி வருவதற்கு.

அந்தக் கடைசி ஒரு மணியில்தான் பலர் கை வைக்கிறார்கள். 'இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்' என்று சொல்லிச் சொல்லியே திரும்புவதற்கான நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். எந்த மணிக்கு மேல் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் பகலிலேயே எழுதி, முடிவெடுக்கும் பொறுப்பை விசைப்பலகையில் உட்காராத ஒருவரிடம் கொடுங்கள்.

மே 25

டைமர்களைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பழைய நான்கு படி ஐஎஸ்எஸ்யூ முறையில் பொறுப்பு கைமாறிய பின் நீங்கள் ஏற்பைத் தெரிவிக்காவிட்டால் சாதனம் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பும். இயல்பான கெடு 45 நிமிடம். ஐஓஎஸ் எக்ஸ்ஈ-யில் மென்பொருளைப் பொட்டலங்களாக ஏற்றும் இன்ஸ்டால் முறையில், செயல்படுத்திய பின் கமிட் (உறுதிப்படுத்தும் கட்டளை) கொடுக்காவிட்டால் இயல்பான கெடு 120 நிமிடம். சுவிட்ச் உங்களால் எட்ட முடியாதபடி போய்விட்டால் இது உயிர் காக்கும். எல்லாம் நன்றாக முடிந்து, கமிட் கொடுக்காமல் எல்லோரும் தூங்கப் போய்விட்டால், அதே டைமர் இரண்டு மணி நேரம் கழித்து சுவிட்சைத் தானாக மறுதொடக்கம் செய்து பழைய பதிப்பில் கொண்டுபோய் வைக்கும். மேலே போட்ட நேரக் கணக்கில் கமிட்டுக்கென்று ஒரு வரியை, பின்நிலைப் பதிவுக்கு அடுத்ததாக எழுதிக்கொள்ளுங்கள்.

மே 30

நான்கு மணி நேரம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பழைய கோப்பை ஃப்ளாஷிலிருந்து எப்போது அழிக்கலாம் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இடம் நெருக்கடி இல்லையென்றால், அடுத்த மேம்படுத்தலுக்கான கோப்பை ஏற்றும் நாள் வரை அழிக்க வேண்டாம். இன்ஸ்டால் முறையில், செயலில் இல்லாதவற்றை நீக்கும் கட்டளை பழைய பதிப்பின் பொட்டலங்களையும் சேர்த்தே துடைத்துவிடும். இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது அதே வாரம் அதை ஓட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பேக்கப், எப்போதாவது எழும் மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) போக்குவரத்து போன்றவை ஒரு முறையாவது புதிய பதிப்பின் வழியே போய் முடியட்டும். அதற்குப் பிறகும் ஒரு பிரதி வெளியே சர்வரில் ஹாஷ் மதிப்போடு இருக்கட்டும். ஆதரவு முடிந்த பதிப்புகளைத் தயாரிப்பாளர்கள் தங்கள் தரவிறக்கப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவது உண்டு.